பழைய ரசமும் புதிய துருத்தியும்

புது ரசத்திற்குப் பழந்துருத்தி ஆகாதென்னும் உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலகாலும் கேட்டிருக்கின்றோம். பழைய ரசத்தைப் புதிய துருத்தியிற் பெய்தால் யாது விளையும் என்பதை எவரும் எமக்கு எடுத்துரைத்ததில்லை. அதனைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கி லெந்து நாட்கள் வரையில் யாமே செய்து பார்த்து அறிந்துகொள்ள நேர்ந்தது. அவ்வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தமையானும், பழைய மாணவர்களிடம் யாம் கேட்டுக்கொள்ள வேண்டுவது ஒன்று உண்டாகலானும் இதனை எழுதத் துணிந்தோம்.

எம் தமிழ்த்துறை அறையிற் கணினி ஒன்று உளது. 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற துறைத்தலைவர், தாம் பிரிந்து செல்லும்போது துறைக்கு ஈந்து சென்றது. அதனை இயக்கி வந்தது விண்டோஸ் 10. 2015இல் வெளிவந்த அவ்வியங்குதளத்திற்கு வழக்கமாக அளிக்கப்பட்டு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தன. அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐ ஏற்றலாமோவெனின், அஃது இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையேனும் ஆதல் வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் காவற்சில்லும் இருத்தல் வேண்டும் என்று விதித்திருந்தது. எம் கணினியோ ஆறாம் தலைமுறையைச் சார்ந்தது. பர்சார் அவர்களிடம் விண்ணப்பித்தோம். நூலகக் கூரை ஒழுகுகின்ற ஆண்டிற் புதிய கணினி கேட்பது எமக்கே நாணமாக இருந்தது. அவரும் மறுத்தாரல்லர், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார். அலுவலக வழக்கறிந்தார்க்கு அதன் பொருளும் தெரியும்.

அந்நாளில் விடுதியில் தங்கிப் பௌதிகம் பயிலும் மூன்றாமாண்டு மாணாக்கன் ஒருவன், மொழிப்பாடத் தேர்வுத்தாள் பெற வந்தவன், எம் கவலையைச் செவியுற்று, “ஐயா, லினக்ஸ் ஏற்றிவிடலாமே, இந்தப் பெட்டி இன்னும் பத்தாண்டு ஓடும்” என்றான். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தமது இருபத்தோராம் வயதில், 1991இல், பொழுதுபோக்காகத் தொடங்கிய பணி இன்று உலகின் பெருங்கணினிகளையெல்லாம் இயக்குகின்றது என்பதைச் செய்தித்தாளிற் படித்திருந்தோமேயன்றி, அது தமிழ்த்துறைக்கும் ஆகுமென்று எண்ணினோமில்லை. ஒரு பிற்பகலில் அவன் லினக்ஸ் மின்ட் என்னும் வகையினை ஏற்றித் தந்தான். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைத்தது. மேசைத்திரையின் சொற்களெல்லாம் தமிழிலேயே தோன்றுமாறும் அமைத்துக்கொண்டோம். இச்சிறு பெருமிதம் பின்னர் எம்மை எவ்வாறு வருத்திற்று என்பது மேலே விளங்கும். பத்து நாட்கள் யாதொரு குறையுமில்லை. வணிகவியற் துறையாரிடம் சென்று, நீவிரும் மாறுக என்று பிரசங்கிக்கவும் தலைப்பட்டோம்.

நிற்க. டிசம்பர் மாதத்தில், எமக்குத் தமிழ் கற்பித்தவரும் நம் கல்லூரியில் முப்பத்திரண்டாண்டு பணியாற்றி ஓய்வுற்றவருமாகிய பேராசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர்க்கு இப்போது வயது எண்பத்து நான்கு. கண்ணொளி மங்கிவிட்டது. 1999 முதல் 2008 வரை, ஆண்டிற்கொன்றாகப் பத்துக் கட்டுரைகள் அவர் இம்மலரில் எழுதினார். பழைய மாணவர்க்கு நினைவிருக்கும். கமலை கட்டி நீரிறைத்த காலத்துச் சொற்களைத் தம் ஊர்ப்புறத்து முதியோர் வாயினின்றும் கேட்டுத் தொகுத்தவை அவை. கூனை, வடம், வால் என்று தொடங்கி, மாட்டை முன்னும் பின்னும் செலுத்தும் ஒலிக்குறிப்புக்கள் வரையில் அவற்றுள் உண்டு. மின்சார இயந்திரம் வந்தபின் கமலை போயிற்று, கமலை போனபின் சொல்லும் போயிற்று, சொன்னவர்களும் போயினர். “தம்பி, அந்தப் பத்தையும் ஒரு புத்தகமாகப் பார்த்துவிட்டால் போதும். கையெழுத்துப் பிரதி என்னிடம் இல்லை. அச்சகத்துக்குக் கொடுத்தேன், அவர்கள் திருப்பித் தரும் வழக்கமில்லை. கல்லூரியில் மலர்கள் இருக்குமே?” என்று வினவினார்.

இருக்குமென்றுதான் யாமும் கூறினோம். நூலகஞ் சென்று பார்க்குங்கால், ஒழுகிய கூரையின் கீழிருந்த அவ்வலமாரியிற் கறையானே வாசகனாக இருந்தது. 1999 தொடங்கிய பகுதி முழுதும் மண்ணாகிவிட்டது.

ஆயினும் எமக்கு ஒரு துணிவு உண்டு. அவ்வாண்டுகளின் தமிழ்ப்பகுதி அச்சகத்திற் பக்கம் அமைக்கப்பட்ட பின்னர், அக்கோப்புக்களைக் குறுந்தட்டுக்களிற் பதிந்து வாங்கித் துறை அலமாரியில் வைக்கும் நல்வழக்கம் ஒன்றிருந்தது. பத்துத் தட்டுக்களும் இருந்தன. பூஞ்சணத்தைத் துடைத்து இட்டுப் பார்த்தபோது, ஒன்பது தட்டுக்கள் தம் உள்ளடக்கத்தைக் காட்டின. 2006ஆம் ஆண்டுத் தட்டு மட்டும் சுழன்று சுழன்று, இறுதியில் ஒன்றும் இல்லையென்று வெளிவந்தது. எஞ்சிய ஒன்பதிலும் இருந்தவை பேஜ்மேக்கர் கோப்புக்கள்.

பேஜ்மேக்கர் என்பதை இளைய மாணாக்கர் அறியார். 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தார் மாக்கின்டாஷ் கணினிக்காக முதலில் வெளியிட்டது. கத்தரியும் பசையும் கொண்டு பக்கம் ஒட்டிய தொழிலை மேசைமேற் கணினிக்குக் கொணர்ந்த பெருமை அதற்குண்டு. 1994இல் ஆல்டஸை அடோபி தன்னோடு இணைத்துக்கொண்டது. 2001இல் வந்த 7.0 என்னும் பதிப்பே இறுதிப் பதிப்பாயிற்று. அதன்பின் வளர்ச்சியில்லை. ஆயினும் தமிழகத்து அச்சகங்கள் பலவும் அதனை விட்டனவல்ல. பழகிய கை விடுமோ? எம் துறைக்கென்று முறையாக வாங்கிய 7.0 தட்டும், அதன் உறையின்மேல் எண்ணும் எம்மிடம் இருந்தன. ஆனால் அது விண்டோஸிலன்றி ஓடாது. எம் விண்டோஸையோ பத்து நாட்களுக்கு முன்னரே பிரசங்கஞ்செய்து அனுப்பிவிட்டோம்.

இந்நிலையில் இருப்பார்க்கு வழிகள் சில உள. கணினியை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் விண்டோஸையும் மறுபாதியில் லினக்ஸையும் வைத்து, வேண்டும்போது வேண்டியதைத் தொடங்கலாம்; அது நாளொன்றுக்கு நான்குமுறை வீடு மாறுவதை ஒக்கும். லினக்ஸின் உள்ளேயே பொய்க்கணினி ஒன்றை எழுப்பி, அதனுள் விண்டோஸை முழுமையாகக் குடியேற்றலாம். விர்ச்சுவல்பாக்ஸ் முதலிய கருவிகள் இதற்கென்றே உள்ளன. 2007 முதல் லினக்ஸின் கருவிலேயே கேவிஎம் என்னும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது. தன் சமையலறையையும் தானே சுமந்து வரும் விருந்தினனைப் போன்றவன் அவன்; வந்தபின் தொல்லையில்லை, ஆனால் இடம் பெரிது வேண்டும், அவனுக்கெனத் தனியே விண்டோஸ் உரிமமும் வேண்டும். தொழிலுக்குரிய பெரிய மென்பொருள்களை நாடோறும் கையாள்வார்க்கு இதுவே தக்கதென்று மாணாக்கன் கூறினான். எம் கணினியின் நினைவகமோ நான்கு கிகாபைட்டு. ஆதலின் மூன்றாம் வழியாகிய வைனைத் தேர்ந்தோம்.

வைன் என்றால் திராட்சரசமே. ஆக்கியோர் விளையாட்டாக இட்ட பெயர். இது கணினியைப்போல் நடிக்கும் போலி அன்று என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அப்பெயராயின என்பர். அத்தொடரின் முதற்சொல்லும் அப்பெயரே. அது செய்யும் தொழிலைத் தமிழர்க்கு விளக்குதல் எளிது: அது துபாஷி. விண்டோஸ் மென்பொருள் ஒன்று, சாளரம் திற, கோப்பைப் படி, இவ்வெழுத்தை இவ்விடத்தில் வரை என்று தான் அறிந்த மொழியிற் கேட்கும். அக்கேள்வியை வாங்கி, லினக்ஸ் அறிந்த மொழியில் மாற்றிக் கேட்டு, விடையையும் மீண்டும் மாற்றித் தருவது வைன். தான் பேசுவது வேற்றுநாட்டான் ஒருவனிடம் என்பது அம்மென்பொருளுக்குத் தெரியாது. புதுவையில் டூப்ளே துரைக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எத்துணைச் செய்தி எழுதிவைத்தார்! இந்தத் துபாஷியும் அங்ஙனமே. முனையத்தினின்று தொடங்கினால், தனக்கு விளங்காதவற்றையெல்லாம் வரிவரியாகக் குறித்துக்கொண்டே போகும். 1993இல் தொடங்கி 2008 ஜூனிலேதான் 1.0 என்னும் பதிப்பை எட்டியது. இடையே பதினைந்து ஆண்டுகள். மற்றொருவர் மூடிவைத்த பொருளின் நடையை வெளியினின்றே கவனித்து, அதே நடையைத் தாமும் எழுதுவதென்றால் அத்துணைக் காலம் செல்லுமன்றோ? எந்த மென்பொருள் இதன்வழி எங்ஙனம் ஓடுகின்றது என்று பயன்படுத்துவோர் தரம் இடும் பட்டியலும் உண்டு: பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி வந்து, ஈற்றில் குப்பை என்றே ஒரு தரம். எம் விடைத்தாள்களுக்கும் அம்முறை வகுத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று.

மாணாக்கனுக்கு இது முன்னரே பழக்கம். 2018 முதல் இதன் வழிவந்த புரோட்டான் என்னும் கருவியால் விண்டோஸ் விளையாட்டுக்களை லினக்ஸில் ஆடுகின்றார்களாம். விடுதியில் இரவு பதினொரு மணிக்குமேல் நடைபெறும் கல்வி இது என்பதைக் காப்பாளர் அறியார்; யாமும் இங்கே கூறினோமில்லை.

வைனில் விண்டோஸ் எக்ஸ்பி எனத் தோன்றுமாறு அமைத்துப் பேஜ்மேக்கரை நிறுவினோம். தட்டுடன் இருந்த எழுத்துருக்களை அதன் எழுத்துருக் கோப்புறையில் இட்டோம். 1999ஆம் ஆண்டு மலர் திறந்தது. பேராசிரியரின் முதற்கட்டுரை, ஓரத்திற் பூவேலையோடு, அன்று அச்சானவாறே தோன்றியது. கைகொட்டினோம் என்று எழுதுதல் ஓர் ஆசிரியர்க்குத் தகாது, ஆயினும் கொட்டினோம். 2002 வரை நான்கு மலர்கள் இங்ஙனம் திறந்தன. 2003ஐத் திறந்தோம். பக்கம் இருந்தது, கோடுகள் இருந்தன, எழுத்தெல்லாம் பொத்தல். கறையான் இங்கும் வந்ததோ என்று ஐயுற்றோம்.

நான்கு நாள் இதிலே கழிந்தது. எழுத்துருவை மாற்றினோம், வைனை நீக்கி மீண்டும் நிறுவினோம், கோப்பே பழுதென்று முடிவு செய்தோம். பழுது எம்மிடத்திலேதான். இதனை விளக்குவதற்குத் தமிழெழுத்து அக்காலத்திற் கணினியுள் எவ்வாறு உறைந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும்.

அந்நாட் கணினியில் எழுத்துக்கென இருந்த இருக்கைகள் 256. முற்பாதி 128இல் ஆங்கிலமும் எண்ணும் குறிகளும் முன்னரே அமர்ந்துவிட்டன. தமிழை எழுத விரும்பியோர் இரு வழியிற் சென்றனர். ஒரு சாரார் ஆங்கிலம் அமர்ந்த இருக்கையிலேயே தமிழை அமர்த்தினர். பாமினி என்னும் எழுத்துரு அத்தகையது. அதனில் ‘தமிழ்’ என்று எழுதினால், கணினி தன் ஏட்டிற் குறித்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்னும் சட்டை இருக்கும்வரை அது தமிழ். சட்டையைக் கழற்றினால் பொருளற்ற ஆங்கிலம். மற்றொரு சாரார் பிற்பாதி 128 இருக்கைகளையும் தமிழுக்குப் பயன்கொண்டனர். 1999இற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்னும் குறியீடுகள் இவ்வகையின. எம் மலர் 2002 வரை பாமினியிலும், 2003, 2004இல் டாமிலும் அமைந்திருந்தது.

இப்போது எம் குற்றம் விளங்கும். மேசைத்திரை தமிழில் தோன்றவேண்டுமென்று கணினியின் மொழியையே தமிழென அமைத்திருந்தோமல்லவா? வைன் அதனைப் பார்த்துப் பேஜ்மேக்கருக்கும் அவ்வாறே அறிவித்தது. ஐரோப்பிய மொழிகளுக்கு இருந்ததுபோன்ற பழைய 256 இருக்கைப் பட்டியல் ஒன்று தமிழுக்கென விண்டோஸில் வகுக்கப்பட்டதேயில்லை. ஆகவே பிற்பாதி இருக்கைகள் நிலைகுலைந்தன. முற்பாதியில் இருந்த பாமினி தப்பிற்று, டாம் சிதைந்தது. மாணாக்கன் ஒரே வரியில், பேஜ்மேக்கரைத் தொடங்கும்போது மட்டும் மொழி ஆங்கிலம் என்று வைனுக்குச் சொல்லிவிட்டான். 2003ஆம் ஆண்டுக் கட்டுரை முழுதும் தோன்றியது. தமிழ் சரியாகத் தெரியும்பொருட்டு, யாம் தமிழரல்லர் என்று இயந்திரத்திடம் பொய்யுரைக்க வேண்டியிருந்தது.

இவ்வெற்றிக் களிப்பிற் பக்கங்களையெல்லாம் போஸ்ட்ஸ்கிரிப்டுக் கோப்பாக அச்சிட்டு, கோஸ்ட்ஸ்கிரிப்டைக் கொண்டு பிடிஎஃப் ஆக்கிச் சேமித்துக்கொண்டிருக்கும்போது, மாணாக்கன் தயங்கித் தயங்கி ஒரு செய்தி கூறினான். லினக்ஸோடு தானே வந்து, தொடக்கத்திலிருந்தே எம் கணினியில் இருந்த லிப்ரேஆபீஸ், 2015இல் வந்த 4.4 பதிப்பு முதலாகப் பேஜ்மேக்கர் கோப்புக்களைத் தானே திறக்குமாம். பார்த்தோம், திறந்தது. அமைப்புச் சற்று நெகிழ்ந்திருந்ததேயன்றி, எழுத்துக்கள் அனைத்தும் இருந்தன. மூன்று வாரம் யாம் சுவரேறிக் குதித்த வீட்டின் வாயில் திறந்தே கிடந்தது. அவன்மேற் சினம் எழவில்லை. ஏனெனில் அவ்வாயிலின் வழியே புகுந்தாலும் உள்ளே கண்டது அதே சட்டையணிந்த ஆங்கிலந்தான். பேஜ்மேக்கர் ஓடவேண்டும் ஓடவேண்டும் என்று யாம் அலைந்தோம். பேராசிரியரின் சொற்களைச் சிறைவைத்திருந்தது பேஜ்மேக்கர் அன்று. அவற்றை எழுதிவைத்த குறியீடே. லினக்ஸுக்கு மாறாதிருந்தாலும் எமக்கு இவ்விடர் இருந்திருக்கும். அறியாமலிருந்திருப்போம், அவ்வளவே.

ஆகவே ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாததாயிற்று. லினக்ஸ் தோன்றிய அதே 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென உரிய இடம் வகுக்கப்பட்டிருந்தது. தமிழக அரசு அதனை ஏற்றது 2010இல். மாற்றித் தரும் நிரல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. நொடியில் மாற்றும், பின்னர் ஒரு மாதம் பிழை திருத்தவேண்டும். பழைய குறியீடுகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தை வைத்தன. ஒருங்குறி ஒலிவரிசையில் வைக்கின்றது. ‘கொ’ என்பதற்கு முன்னதில் ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கும், ககரம் நடுவே, கால் ஈற்றில். பின்னதிற் ககரம் முதலில் வரல் வேண்டும். இதனை நிரல் அறியும். ஆனால் ஔகார உயிர்மெய்யின் பின்னுறுப்பும் ளகரமும் ஒரே வடிவாகலின், பழங்குறியீட்டில் இரண்டிற்கும் ஓரிடமே. ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ எனவும், ‘கெளிறு’ என்னும் மீனைக் ‘கௌிறு’ எனவும் நிரல் பெயர்க்கும். ரகர மெய்க்குக் காலின்மேற் புள்ளியிட்டுத் தட்டச்சு செய்யும் பழைய பழக்கத்தால், ‘நீர்’ வந்த இடமெல்லாம் காலும் புள்ளியுமாக நின்றது. நீரிறைப்பு பற்றிய கட்டுரையில் நீர் எத்துணை முறை வருமென்பதை எண்ணிப் பார்த்துக்கொள்க. தமிழ் இலக்கிய மாணவியர் நால்வர் இத்திருத்தப் பணியில் அமர்ந்தனர். எழுத்திலக்கணம் இத்துணை ஆவலோடு கற்கப்பட்டதை யாம் வகுப்பறையிற் கண்டதில்லை.

எஞ்சியவை 2005, 2007, 2008. இவை மற்றொரு அச்சகத்தில், ஒரு தனியார் தமிழ்த்தொகுப்பைக் கொண்டு அமைக்கப்பட்டவை. அத்தொகுப்பு, கணினியின் பின்புறத்து அச்சுப்பொறி வாயிலில் வன்பூட்டு ஒன்று செருகப்பட்டிருந்தாலன்றி இயங்காது. பூட்டு எம் மேசையறையில் இருந்தது. இருபத்தைந்து ஊசிகளையுடைய அதனைச் செருகுவதற்கு வாயில் எங்கே? இக்காலக் கணினிகளில் அது வழக்கொழிந்தது. வாயில் இருந்தாலும், அப்பூட்டை அறியும் இயக்கிநிரல் விண்டோஸின் கருவினுள்ளே புக வேண்டியது. துபாஷியால் ஆகும் காரியமன்று. எழுத்துருவும் இல்லை, குறியீட்டுப் பட்டியலும் இல்லை. கோப்பைத் திறந்தால், வேண்டிய எழுத்துரு இல்லை, வேறொன்றை இடவா என்று கேட்டுவிட்டுப் பேஜ்மேக்கர் காட்டியது வெறுங்கிறுக்கல்.

இங்கேதான் எம் உள்ளத்தை விட்டு நீங்காத சில நாட்கள் வந்தன. 2005ஆம் ஆண்டு மலரின் படி ஒன்று, தூத்துக்குடியில் வாழும் பழைய மாணவி ஒருவரிடம் இருந்தது. அவர் அதனைப் பதிவஞ்சலில் அனுப்பினார். ஒரு கையில் அச்சுப் பக்கம். மறுகையில் அதே பக்கத்தின் கிறுக்கல். மாணாக்கன் கட்டுரைத் தலைப்பினின்று தொடங்கினான். இக்குறிக்கு இவ்வெழுத்து என்று ஒவ்வொன்றாக இணைத்து, கரும்பலகை முழுதும் பட்டியலிட்டான். பிராமி எழுத்தை 1837 அளவில் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்ததையும், தென்னாட்டுக் குகைக் கல்வெட்டுக்களின் மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டியதையும் யாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்தி வருகின்றோம். இருபதாண்டுக்கு முன், எம் காலத்திலேயே, எம் கல்லூரியிலேயே அச்சான தமிழைக் கல்வெட்டுப்போற் படிக்க நேருமென்று எண்ணினோமோ? 180க்கு மேற்பட்ட குறிகள் தெளிந்தன. இரண்டு மட்டும் 2005இன் துணையால் விளங்கவில்லை. அவற்றுள் ஒன்று ‘ஞெ’ என்பதன் பகுதியென்று 2008ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘ஞெகிழி’ வந்த இடத்திற் புலப்பட்டது. மற்றொன்று வெறும் ஓரப்பூவேலை. பெப்ரவரி இறுதியில் ஒன்பது கட்டுரைகளும் ஒருங்குறியில் இருந்தன.

அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டு பேராசிரியரின் ஊருக்குச் சென்றோம். ஒவ்வோர் எழுத்தும் பெருவிரல் அளவு தோன்றுமாறு பெருக்கி முன்வைத்தோம். அவர் மூக்கைத் திரையில் உரசுமளவு குனிந்து, 2001ஆம் ஆண்டுக் கட்டுரையை முதலில் கேட்டார். ஏனென்று விளங்கவில்லை. நான்காம் பத்தியில் விரலை வைத்து, “கூளை என்று போட்டுவிட்டான் பார், கூனை. அடுத்த மலரில் திருத்தம் போடச் சொன்னேன், இடமில்லை என்றார்கள்” என்றார். உடனே திருத்தினோம். ளகரம் னகரமாவதைத் தம் கண்ணாற் கண்டு, நாற்காலியிற் சாய்ந்துகொண்டார். பின்னர் ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்து கேட்டு வந்தவர், 2005 முடிந்து 2007 தொடங்கியபோது கை காட்டி நிறுத்தினார். நடந்ததைச் சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “மற்றவை நான் நான்கு இடத்தில் கேட்டுச் சரிபார்த்தவை, தம்பி. அந்த ஆண்டு எழுதியது ஒரே ஆள் சொன்னது. கமலை ஓட்டும்போது பாடுகிற கணக்கு; எத்தனையாவது சால் என்பதற்கு ஒவ்வொரு பெயர். அவர் அடுத்த தையிலே போய்விட்டார்” என்றார்.

நினைவிலிருந்து சொல்லுமாறு வேண்டினோம். ஏழு பெயர் சொன்னார். பதினொன்றோ பன்னிரண்டோ என்றார். ஏழாவதும் ஐயமென்றார்.

தட்டினை நகரத்திற் பழுது பார்ப்போரிடம் காட்டினோம். மேற்பூச்சு உரிந்துவிட்டது, தகவல் இருந்த படலமே அதுதான், இனி ஆவதொன்றுமில்லை என்று கூறிக் கூலியும் பெறாமல் திருப்பித் தந்தனர்.

இக்கட்டுரையையும் அவ்வறைக் கணினியிலேயே எழுதினோம். முடித்து அச்சகத்திற்கு அனுப்பியபோது, தாம் இன்னும் பேஜ்மேக்கரிலேயே பக்கம் அமைப்பதாகவும், ஒருங்குறியை அஃது ஏற்காதென்றும், டாம் குறியீட்டுக்கு மாற்றித் தருதல் நலமென்றும் பணிவோடு விடை எழுதினர். மாற்றித் தந்துள்ளோம். ஆகவே, மேலே ‘கௌரவம்’ என்று யாம் எழுதிய இடத்தில் வேறு யாதேனும் அச்சாகியிருப்பின், அன்பர்கள் பொறுத்துக்கொள்க. ஒருங்குறிப் படி துறையில் உள்ளது.

2006ஆம் ஆண்டு மலர் அவ்வாண்டு பயின்ற மாணாக்கர் அனைவர்க்கும் வழங்கப்பட்டது. பச்சை அட்டை, முகப்பிற் பழைய மணிக்கூண்டின் படம். பேராசிரியரின் கட்டுரை தமிழ்ப்பகுதியின் நடுவே, ஆறு பக்கம் அளவிற்று. பரணிலோ, பெற்றோர் இல்லத்துப் பெட்டியிலோ, அப்படி ஒன்றை வைத்திருக்கும் பழைய மாணவர் எவரேனும் அந்த ஆறு பக்கங்களைக் கைபேசியாற் படமெடுத்துத் தமிழ்த்துறைக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம். படம் தெளிவின்றி இருப்பினும் ஆகும். இங்கே படிக்க ஆள் இருக்கின்றது. நூலை ஆகஸ்டு வரை அச்சுக்கு அனுப்பாது வைத்திருக்கின்றோம்.